மண்ணும் நீரும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை திருகோணமலையிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன. பழைய இரசாயன ஆய்வுகூடம் இருந்த காணி, எண்ணெய் சிந்திய வளவு போன்றவை "துப்புரவு செய்தாயிற்று" என்ற அறிக்கையோடு விலைக்கு வருகின்றன. வாங்கலாமா, கட்டலாமா, கிணறு வெட்டலாமா என்பது கேள்வி. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

நாங்கள் ஆறு குடும்பங்கள் சேர்ந்து 4 ஏக்கர் காணி வாங்க யோசிக்கிறோம். முன்பு அதில் ஒரு தனியார் இரசாயன ஆய்வுகூடம் இருந்தது. ஆறு இடத்தில் மண் எடுத்துச் சோதித்து "சுத்தம்" என்று எழுதிய அறிக்கையை விற்பவர் காட்டுகிறார். அதை நம்பலாமா? – உவர்மலை வாசகர்

ஆறு இடம் போதாது. கணக்கைப் பாருங்கள். 4 ஏக்கர் என்பது ஏறக்குறைய 16,200 சதுர மீற்றர். ஆறு புள்ளியைச் சமமாகப் பரப்பினால் ஒன்றுக்கொன்று 52 மீற்றர் இடைவெளி வரும். சதுரக் கட்டத்தில் மண் எடுக்கும்போது, இடைவெளியை 1.18ஆல் பெருக்கி வரும் விட்டமுள்ள நஞ்சுத் திட்டைத்தான் 95 வீத நம்பிக்கையோடு பிடிக்கலாம். அப்படியென்றால் 61 மீற்றருக்குச் சிறிய திட்டு எதுவும் இந்த ஆறு குழிக்கும் நடுவே ஒளிந்து கிடக்கலாம். ஆய்வுகூடத்தில் கசிவு என்பது ஒரு பீப்பாய் நின்ற இடம், ஒரு குழாய் மூட்டு, ஒரு அமிலக் குழி என்று இரண்டு மூன்று மீற்றர் அகலத்தில்தான் இருக்கும்.

அதற்காக 10 மீற்றருக்கு ஒன்றாக 160 குழி தோண்டுங்கள் என்று சொல்லவில்லை. காசு தாங்காது. முதலில் காணியின் வரலாற்றைத் தோண்டுங்கள், அதற்குச் செலவு குறைவு. பழைய நில அளவைப் படம், கட்டட வரைபடம், நில அளவைத் திணைக்களத்தின் பழைய வான்படங்கள், அங்கே வேலை செய்த காவலாளி, துப்புரவுத் தொழிலாளி ஆகியோரிடம் விடயம் கிடைக்கும். கேட்கவேண்டியவை இவை: கரைப்பான்கள் எந்த அறையில் இருந்தன? சிங்குகளின் கழிவு எந்த வழியாக எங்கே போனது? அமிலத்தைச் சுண்ணாம்புக் கல்லில் விட்டு நடுநிலையாக்கும் குழி எங்கே? வெற்றுப் போத்தல்களை எங்கே எரித்தார்கள், எங்கே புதைத்தார்கள்? மதிலின் பின்பக்கத்தை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் விடை அங்கேதான் கிடக்கும்.

அறிக்கையைக் கையில் எடுத்தால் நான்கு விடயம் தேடுங்கள். எத்தனை அடி ஆழத்தில் மண் எடுத்தார்கள்? மேலே அரை அடி மண்ணை மட்டும் எடுத்திருந்தால் அது பிறகு கொட்டிய கிறவலாகவும் இருக்கலாம். பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரு மாதிரியாக அனுப்பினார்களா? ஒரு இடத்தில் அனுமதித்த எல்லையைப் போல நான்கு மடங்கு நஞ்சு இருந்தாலும், அதை ஐந்து நல்ல மண்ணோடு கலந்தால் தாளில் எல்லைக்குள் வந்துவிடும். ஆவியாகும் கரைப்பான்களைச் சோதிக்க எடுத்த மண்ணைக் கலக்கவே கூடாது, கலக்கும்போதே பறந்துவிடும். அந்த மாதிரிகள் ஐஸ் பெட்டியில் 4 பாகை செல்சியஸ் அளவில், வெற்றிடமில்லாத கண்ணாடிக் குப்பியில் போனதாகக் கையளிப்புப் பத்திரம் இருக்கிறதா? கொழும்புக்கு 260 கிலோமீற்றர் அளவு தூரம். பொலித்தீன் பையில் கட்டி பஸ்ஸில் அனுப்பிய மண்ணில் "கரைப்பான் இல்லை" என்று வந்தால், அது வழியில் ஆவியாகிவிட்டது என்றும் பொருள்படும். நான்காவது, ஆய்வுகூடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 தரச்சான்று உண்டா, அந்தச் சான்று இந்தச் சோதனையையும் உள்ளடக்குகிறதா என்பது. குடிநீரில் உப்பு பார்க்கச் சான்று பெற்ற இடம் மண்ணில் குளோரின் கரைப்பான் பார்க்கச் சான்று பெற்றிருக்கவேண்டும் என்றில்லை.

கடைசியாக, "சுத்தம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "எதற்கு" என்று எழுதியிருக்கவேண்டும். களஞ்சியம் கட்டச் சுத்தமான மண், பிள்ளைகள் தவழும் முற்றத்துக்குச் சுத்தமாகாது. கொடைக்கானலில் 2001இல் மூடிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மண்ணுக்கு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று எல்லை வைத்தார்கள். அந்த எண் காணாது என்று அங்குள்ளவர்கள் பல வருடம் போராடினார்கள். ஆக, எந்த நாட்டின் எந்தப் பாவனைக்கான எல்லை என்பதை விலை பேசும்போதே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டடத்தை உடைக்கும் வேலையை எடுத்திருக்கிறேன். ஆட்கள் பெக்கோவோடு தயார். ஆய்வுகூடம் என்பதால் விசேடமாக எதையும் பார்க்கவேண்டுமா? – சீனக்குடா ஒப்பந்தக்காரர்

பெக்கோவை ஒரு கிழமை தள்ளிவையுங்கள்.

சிங்குகளின் கீழே வளைந்த குழாய் இருக்குமே, அதிலிருந்து தொடங்குங்கள். அடியில் வெள்ளைத் தட்டு வைத்து, கையுறை போட்டு, திருகைக் கழற்றினால் கறுத்த சேற்றோடு வெள்ளி மணிகள் உருண்டு விழும். உடைந்த வெப்பமானி, அழுத்தமானிப் பாதரசம் பல வருடமாக அங்கே தங்கியிருக்கும். ஒரு மில்லிலீற்றர் பாதரசம் 13.5 கிராம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற எல்லையில் பார்த்தால், அந்த ஒரு மில்லிலீற்றர் 675 கிலோ மண்ணைக் கெடுக்கப் போதும். பெக்கோ ஒரு தட்டுத் தட்டினால் இதெல்லாம் இடிபாட்டோடு கலந்து, பத்துக் கிலோவாக இருந்த கழிவு பத்து லொறியாகிவிடும். பாதரசத்தைத் தும்புத்தடியால் கூட்டக் கூடாது. வீட்டு வக்கூம் கிளீனரும் கூடாது, அது ஆவியாக்கி அறை முழுக்க ஊதும்.

அடுத்தது புகைபோக்கி அலமாரிகளும் அவற்றின் கூரைக் குழல்களும். பெர்குளோரிக் அமிலம் பாவித்த அலமாரியென்றால் குழலின் உட்புறம் பெர்குளோரேற்று உப்புப் படிந்திருக்கலாம். சுத்தியலால் தட்டினால் வெடிக்கும். கழற்றுவதற்கு முன் உட்புறத்தை நீரால் நன்றாகக் கழுவி, கழுவிய நீரைத் தனியாகப் பிடிக்கவேண்டும். இரசாயன அலமாரியில் மூடியைச் சுற்றி மஞ்சள் பளிங்கு கட்டிய பழைய போத்தல் கண்டால் அது காய்ந்த பிக்ரிக் அமிலமாக இருக்கலாம். தொடவேண்டாம், மூடியைத் திருகவே வேண்டாம். அறையைப் பூட்டிப் பொலிசுக்குச் சொல்லி வெடிபொருள் அகற்றும் பிரிவை வரவழையுங்கள். நாட்பட்ட ஈதர்ப் போத்தலும் அதே ரகம்.

அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற்றுகளை நனைத்து, உடைக்காமல் ஆணி கழற்றி இறக்கி, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பழைய ஆய்வு மேசைகளின் கறுத்த மேற்பலகையிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கும், அதை யாரும் யோசிப்பதில்லை. பழைய மின்மாற்றி இருந்தால் அதன் எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு இரசாயனம் உண்டா என்று சோதிக்காமல் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.

நிலத்தடிக் கழிவுக் குழாய்களைப் பிடுங்கும்போது ஒவ்வொரு மூட்டின் கீழும் ஒரு பிடி மண் எடுத்துக் குறியுங்கள். பழைய சுட்ட மண் குழாய்களுக்குச் சீமெந்தால்தான் மூட்டு வைப்பார்கள். அமிலம் அந்தச் சீமெந்தைத் தின்றிருக்கும். கசிவு அங்கேதான்.

எங்கள் கிணறு அந்தக் காணியிலிருந்து 150 மீற்றர் தள்ளி. தண்ணீரில் மணமும் இல்லை, நிறமும் இல்லை. கொதிக்கவைத்துக் குடித்தால் போதுமா? – உப்புவெளி வாசகி

மணம் இல்லாததை வைத்து ஆறுதல் அடையவேண்டாம். இரைகுளோரோஎதிலீன் என்ற கரைப்பானுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லை ஒரு லீற்றருக்கு 8 மைக்கிரோகிராம். மூக்குக்குத் தெரியவேண்டுமானால் அதைப் போலப் பல மடங்கு இருக்கவேண்டும். இந்தக் கரைப்பான் ஒரு லீற்றர் 1.46 கிலோ நிறை. கணக்குப் பார்த்தால் அந்த ஒரு லீற்றர் 18 கோடி லீற்றர் நீரை அந்த எல்லை வரை கொண்டுவந்துவிடும்.

எண்ணெய் நீரின் மேல் மிதக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் நீரை விடப் பாரமானவை. அவை நீர்மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, களியிலோ பாறையிலோ முட்டி, அது சாய்ந்த பக்கம் ஊரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மேலே மணல், வேகமாக இறங்கும். நகருக்குள் குன்றுகளை ஒட்டிய இடங்களில் வெடிப்பு விழுந்த பாறை, எந்த வெடிப்பால் எங்கே போகும் என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. அதனால் கிணற்றின் மேல் நீரை வாளியால் அள்ளிச் சோதிப்பதில் பயனில்லை. அடியிலிருந்து, கலக்காமல் எடுக்கவேண்டும். 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியை விளிம்பு வழியும்வரை நிரப்பி, மூடிக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து, ஒரு குமிழியும் இல்லை என்றால்தான் சரி. ஆய்வுகூடம் தரும் குப்பியில் சில துளி ஐதரோகுளோரிக் அமிலம் ஏற்கெனவே இருக்கும், அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். அமிலம் இட்டுக் குளிரில் வைத்த மாதிரி 14 நாள் தாங்கும்.

கொதிக்கவைத்தால் கரைப்பான் ஆவியாகும் என்பது உண்மைதான். ஆவியாகி உங்கள் குசினிக்குள்தானே நிற்கும்? பாதரசம், ஈயம் போன்றவற்றுக்கோ கொதிக்கவைப்பதால் எந்தப் பயனும் இல்லை. நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் குழாய்நீரைப் பாவியுங்கள்.

இன்னொன்று. பக்கத்துக் காணியில் அத்திவாரத்துக்கு மோட்டர் வைத்துத் தண்ணீர் இறைக்கத் தொடங்கினால் உடனே சொல்லி நிறுத்துங்கள். அவ்வளவு இறைத்தால் நஞ்சு நீர் உங்கள் பக்கம் இழுபடும். கரையோரமென்றால் உப்பும் சேர்ந்து வரும். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. கிணற்றுப் பரிசோதனை அறிக்கைகளைத் திகதியோடு பத்திரப்படுத்துவது இப்படியான நேரத்தில்தான் கைகொடுக்கும். இப்போதே ஒரு முறை சோதித்து வையுங்கள்.

மேலே இரண்டு அடி கிறவல் போட்டு மூடினால் பிரச்சினை தீராதா? – லிங்கநகர்

ஈயம், ஆர்சனிக் போன்ற அசையாத நஞ்சுக்கு மூடுவது ஏற்றுக்கொண்ட முறைதான். கீழே பளிச்சென்ற செம்மஞ்சள் துணி விரித்து அதன் மேல் குறைந்தது 60 சென்ரிமீற்றர் நல்ல மண் இடவேண்டும். துணி எதற்கென்றால், பிறகு யாராவது மலகூடக் குழி வெட்டும்போது அது தெரிந்ததும் நிறுத்துவதற்கு. கரைப்பானுக்கும் பாதரச ஆவிக்கும் கிறவல் தடையே இல்லை. மார்கழி மழையில் நிலத்தடி நீர் ஏறி நஞ்சைக் கீழிருந்து தொடும் இடத்தில் மேலே எதைப் போட்டாலும் பயனில்லை. மூடிய விபரம் உறுதியிலும் நில அளவைப் படத்திலும் ஏறவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை அதே இடத்தில் கிணறு வெட்டும்.

நஞ்சு மண்ணை அள்ளி வெளியே கொண்டுபோனால் எத்தனை லோட் வரும்? எங்கே கொட்டுவது? – கந்தளாய் வாசகர்

நீங்கள் அளவு தரவில்லை. உதாரணத்துக்கு 20 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தில் 600 கன மீற்றர், ஏறக்குறைய 1,080 தொன். அள்ளியதும் கால்வாசி பொங்கி 750 கன மீற்றராகும். 3 கியூப் டிப்பர் 8.5 கன மீற்றர் கொள்ளும். ஆகவே ஏறக்குறைய 88 லோட், ஒவ்வொன்றும் 12 தொன்னுக்குச் சற்று மேல். இந்தப் பொங்கலைக் கணக்கில் எடுக்காமல் 70 லோட்டுக்கு விலை பேசி இடையில் மாட்டுப்படுவோர் அதிகம்.

கொட்டுவதற்கு இடமில்லை என்பதுதான் நேரான பதில். அட்டவணைப்படுத்திய ஆபத்தான கழிவை ஏற்றவும் வைக்கவும் அகற்றவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும். எண்ணெய், கரைப்பான், பூச்சிகொல்லி கலந்த மண்ணை உயர்வெப்பத்தில் எரிக்கலாம். சீமெந்துச் சூளையில் உட்பொருள் 1,450 பாகை வரை சூடாகும், கரிமச் சேர்மங்கள் அழிந்துவிடும். பாதரசம் அப்படி அழியாது, ஆவியாகிப் புகைபோக்கியால் வெளியே போகும். அதனால் பாதரச மண்ணை மற்றதோடு ஒரே குவியலில் போட்டால் முழுக் குவியலையும் யாரும் ஏற்கமாட்டார்கள். அள்ளும்போதே பிரியுங்கள். எரிப்பதோடும் கதை முடியாது. போபாலில் விஷவாயு கசிந்த ஆலையில் இருந்து 337 தொன் கழிவை 2025 ஜனவரியில் பிதாம்பூருக்குக் கொண்டுபோய், பிறகு எரித்தார்கள். எரித்த பின் சாம்பல் மிஞ்சியது, அதைப் புதைக்கவும் பாதுகாப்பான குழி வேண்டியிருந்தது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தோண்டுவதென்றால் நீர் தெளித்து, குவியலைத் தறப்பாளால் மூடி, காலையில் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மாரியில் தோண்டவே வேண்டாம். குழி நீரால் நிரம்பும், அந்த நீரையும் கழிவாகவே கொண்டுபோகவேண்டி வரும்.

டீசல் சிந்திய மண்ணுக்கு மாட்டுச் சாணமும் யூரியாவும் போட்டால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா? – சீனக்குடா

டீசலுக்கு உண்மை, அளவறிந்து போட்டால். மண்ணில் கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் டீசல் இருக்கிறது என்று வையுங்கள். நெதர்லாந்துக்காரர் "இனிச் சும்மா விடக்கூடாது" என்று வைத்திருக்கும் எல்லையும் இதுதான். ஒரு தொன் மண்ணில் 5 கிலோ டீசல், அதில் ஏறக்குறைய 4.2 கிலோ காபன். காபன், நைதரசன், பொசுபரசு 100:10:1 என்ற விகிதத்துக்கு 0.42 கிலோ நைதரசன், அதாவது 0.9 கிலோ யூரியா. இதை மூன்று நான்கு தரமாகப் பிரித்துப் போடவேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் அமோனியா ஏறி, வேலை செய்யவேண்டிய பற்றீரியாவே செத்துவிடும். குவியல் ஒன்றரை மீற்றருக்கு மேல் உயரக் கூடாது. அடியில் தடித்த விரிப்பு, இரண்டு கிழமைக்கு ஒரு புரட்டல், கையில் பிடித்தால் உருண்டையாகும் ஆனால் நீர் சொட்டாத ஈரம். எங்கள் வெயிலில் குவியல் பிழைப்பது பெரும்பாலும் ஈரம் போவதால்தான்.

சீனக்குடாவில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய தாங்கிகளில் இருந்தது கப்பல் உலை எண்ணெய். அந்தக் கனத்த கறுப்பு எண்ணெயில் பெரும்பகுதியைப் பற்றீரியா தொடாது. பல மாதம் புரட்டினாலும் தார் போலக் கிடக்கும். அந்த வகை மண்ணுக்கு யூரியா வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டுபோட்ட பகுதி அது என்பதையும் மறக்கவேண்டாம். அந்தச் சுற்றாடலில் துளையிட முன் உலோகங்காணியால் ஒரு தரம் பார்ப்பது நல்லது.

துப்புரவு செய்த காணியில் வீடு கட்டுகிறோம். நிலத்துக்குக் கீழே பொலித்தீன் விரித்தால் ஆவி வராதுதானே? – ஆலங்கேணி வாசகர்

ஈரம் தடுக்கும் மெல்லிய பொலித்தீன் கம்பி கட்டும் அன்றே கிழிந்துவிடும். கிழியாவிட்டாலும் கரைப்பான் அதனூடே ஊறிப் போகும். செய்யவேண்டியது இது: 20 மில்லிமீற்றர் சல்லி 15 சென்ரிமீற்றர் கனத்துக்கு, அதற்குள் 100 மில்லிமீற்றர் துளையிட்ட பி.வி.சி. குழாய், மேலே 1.5 மில்லிமீற்றர் எச்.டி.பி.ஈ. (உறுதியான பிளாஸ்டிக்) விரிப்பு, அதன் மேல் கொங்கிரீட். குழாயின் ஒரு முனை கூரைக்கு மேல் ஒரு மீற்றராவது நீண்டு, யன்னல்களுக்குத் தூரமாக முடியவேண்டும். விரிப்பின் மூட்டுகளைச் சூட்டால் ஒட்டவேண்டும், ரேப் ஒட்டினால் போதாது. மலகூடக் குழாய், தண்ணீர்க் குழாய் விரிப்பைத் துளைக்கும் இடங்களில்தான் எல்லா வேலையும் பிழைக்கிறது. கொங்கிரீட் போடமுன் கீழே புகை செலுத்தி எங்கே கசிகிறது என்று பாருங்கள்.

யன்னல் திறந்த திண்ணை வீட்டில் ஆவி தங்காது. ஏ.சி. போட்டு அடைத்த படுக்கையறையில்தான் சேரும். தண்ணீருக்குக் கறுத்த அல்கதீன் குழாய் பதிக்காதீர்கள். மண்ணிலிருக்கும் பெற்றோலும் கரைப்பானும் குழாய்ச் சுவரினூடே குடிநீருக்குள் ஊறும். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

அந்த வளவில் கீரை போடலாமா? தென்னை? – கிண்ணியா

கீரை வேண்டாம். வல்லாரையும் பொன்னாங்காணியும் நிலத்தோடு கிடப்பவை, இலையில் ஒட்டும் தூசியே போதும். ஆசையென்றால் 60 சென்ரிமீற்றர் உயரப் பாத்தி கட்டி, அடியில் துணி விரித்து, வேறிடத்து மண் போட்டுச் செய்யலாம். தென்னையின் வேர் மூடிய துணியைத் துளைக்கும், மூடாத பக்கமாக வையுங்கள்.

நிலத்தடி நீரைச் சுத்திகரிக்க ஏதோ மருந்து ஏற்றினார்கள். இப்போது அவதானிப்புக் கிணற்றில் ஊதா நிறம். மூன்று மாதம் சோதித்து "முடிந்தது" என்று போகப் பார்க்கிறார்கள். விடலாமா? – உப்புவெளி

ஊதா நிறம் பொட்டாசியம் பெர்மங்கனேற்று. ஒரு கிலோ இரைகுளோரோஎதிலீனை உடைக்கக் கணக்குப்படி 2.4 கிலோ போதும். ஆனால் மண்ணிலுள்ள மக்கிய பொருளே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஊதா நிறம் இருக்கும்வரை எந்தச் சோதனையும் நல்ல முடிவுதான் காட்டும். நிறம் போன பின், களிக்குள் ஒளிந்த கரைப்பான் மெல்ல வெளியே வரும். அப்போது எண் திரும்ப ஏறும்.

மூன்று மாதத்துக்கு இருமடங்கு, மும்மடங்கு என்று பேரம் பேசாதீர்கள். குறைந்தது ஒரு முழு வருடம் வேண்டும்: மாரியில் நீர் ஏறியபோது ஒன்று, புரட்டாதியில் நீர் அடிமட்டத்துக்குப் போனபோது ஒன்று, இடையில் இரண்டு. இரண்டு வருடம் காலாண்டுக்கு ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லது. சோதனைப் பட்டியலில் வினைல் குளோரைட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்சிசன் இல்லாத நிலத்தில் பற்றீரியா கரைப்பானைப் பாதியில் உடைத்து விடும்போது வருவது அது. தாய்க் கரைப்பானை விட மோசம், எல்லை லீற்றருக்கு 0.3 மைக்கிரோகிராம்தான். கரைப்பான் குறைகிறது என்று காட்டும் அட்டவணையில் அந்த நிரை இல்லையென்றால், கடைசித் தவணைக் காசைப் பிடித்து வையுங்கள்.